பதினேழு சுத்தமான குழிகள்

செய்யாத தப்புக்கு மாட்டிக்கொண்டவன் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அப்ப இதை யார்தான் செஞ்சது?" வெர்னன் டெஷ் அதைக் கேட்கவே இல்லை. அதனால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. எனக்கு யார்மேலும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

என் சமையலறை மேசையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எழுபத்து நாலு வயது. பச்சைத் தொப்பி, முழங்காலில் மண் கறை. கொண்டுவந்த புகைபோட்ட மீன் பொட்டலம் செய்தித்தாளில் சுற்றியபடி மேசை நடுவில் கிடந்தது. அவராக வரவில்லை. பெர்னிஸ்தான் காப்பிக்கடையிலிருந்து இழுத்து வந்திருந்தாள்.

"இவரு வாயத் தொறக்க மாட்டாரு. நானே சொல்றேன் பெருசு," என்றாள் பெர்னிஸ்.

பெர்னிஸ் இந்த நகரத்தின் தெற்குப் பக்கத்தில் இருபத்தேழு வருடம் வீடு வீடாகத் தபால் போட்டவள். முட்டி போனதும் வேலையை விட்டாள், வாயை விடவில்லை. நானோ முப்பது வருடம் பாய்லர்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன். பெயர் ஆல்வின் ஸ்டாச். ஓய்வுக்குப் பிறகு ஊரார் தொலைத்ததைத் தேடித் தருகிறேன். மோதிரம், உயில், ஓடிப்போன புருஷன், எதுவானாலும். வண்டி அவளுடையது, சந்தேகம் என்னுடையது.

விஷயம் இதுதான். ஹம்மர் பூங்காவில் போன வாரம் ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். புல்லுக்குள் யாரோ தோண்டி மூடாமல் விட்ட குழியில் கால் போனது. கணுக்கால் முறிந்தது. பூங்காக்காரர்கள் போய்ப் பார்த்தால் ஒன்றல்ல, பதினேழு குழிகள். மெட்டல் டிடெக்டரை வைத்துப் பழைய காசும் டோக்கனும் தேடுகிறவன் தோண்டிய குழிகள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அந்தப் பூங்காவில் தேடுவதற்குப் பர்மிட் வைத்திருக்கிற ஒரே ஆள் வெர்னன். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை.

"பர்மிட் போனா ஆயுசுக்கும் போச்சு," என்றாள் பெர்னிஸ். "பொண்டாட்டி செத்து ஆறு வருஷம். இந்த மனுஷன் வீட்ட விட்டு வெளிய போறதே அந்தப் பூங்காவுக்கு மட்டும்தான். கடைக்குக்கூட அந்த வழியாத்தான் போறாரு."

"வெர்னன், குழி உங்களுதா?" என்றேன்.

"நான் மூடாம விட்டதில்ல."

"நான் அதக் கேக்கல."

"நாப்பது வருஷமா மூடாம விட்டதில்ல," என்றார் மறுபடியும். "பர்மிட்டக் காப்பாத்த முடியுமா முடியாதா?"

"அங்க வேற யாராவது மெஷினோட வர்றாங்களா?"

அவர் மீன் பொட்டலத்தைப் பார்த்தார். "ஒருத்தர் ரெண்டு பேர் வருவாங்க. பேரெல்லாம் தெரியாது."

பொய் சொல்கிறவர்கள் கண்ணைப் பார்ப்பதில்லை என்பார்கள். அது சரியில்லை. என் கண்ணைப் பார்த்தே பொய் சொன்னவர்கள் ஏராளம். ஆனால் மீனைப் பார்த்துப் பேசியவரை அன்றுதான் கண்டேன்.

*

ஏப்ரல் மாதம், ஏரிக்காற்று எலும்பைத் தேடிக்கொண்டு வந்தது. ஹம்மர் பூங்காவில் ஊஞ்சலைத் தவிர எதுவும் ஆடவில்லை. பூங்காக்காரர்கள் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஆரஞ்சுக் கொடி நட்டிருந்தார்கள். விசாரணை முடிகிறவரை குழிகளை மூடக் கூடாதாம்.

என் பழைய மெஷினை எடுத்துப்போயிருந்தேன். எனக்கும் அந்தப் பைத்தியம் முப்பது வருடம் இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். மகள் ஓடிப்போனதைச் சொல்வான். தனக்குப் புற்றுநோய் என்பதைச் சொல்வான். எந்த இடத்தில் தோண்டினான், என்ன கிடைத்தது என்பதை மட்டும் பெற்ற தாயிடமும் சொல்லமாட்டான்.

"பெருசு, உள்ள எதுவும் பொணம் இல்லையே?" பெர்னிஸ் குழிகளை எட்டிப் பார்த்தாள்.

"நாலு அங்குலக் குழில என்ன பொணம் இருக்கும்?"

"உன் புத்திய வெச்சிருக்கலாம். எடம் மிச்சமாகும்."

குனிந்து பார்த்தேன். கோணல்மாணலாகக் கிளறிய குழி. மண்ணை வாரி வெளியே கொட்டியிருந்தான். ஒழுங்கான ஆள் புல்லை மூன்று பக்கம் அறுத்து மூடிபோலத் திறப்பான், எடுத்ததும் மூடி மிதித்துவிட்டுப் போவான், எங்கே தோண்டினான் என்று புல்லுக்கே தெரியாது. இவன் அந்த ரகம் இல்லை.

மெஷினை எந்த உலோகத்துக்கும் கத்தும்படி திருப்பி வைத்து, முதல் குழி மேலும் பக்கத்து மண்குவியல் மேலும் ஆட்டினேன். சத்தமில்லை. இரண்டாவது. சத்தமில்லை. மூன்றாவது, நான்காவது.

"மெஷின் செத்துப்போச்சா?" என்றாள்.

குழியிலிருந்து இரண்டடி தள்ளி ஆட்டினேன். கோழிக்கூண்டுக்குள் பூனை புகுந்ததுபோல் கத்தியது. துரு ஆணி, சோடா மூடி, பீர் டப்பா வளையம். நூறு வருடமாக இங்கே குடித்துக் கூத்தடித்திருக்கிறார்கள். கையளவு மண்ணை எடுத்தால் அதில் மூன்று குப்பையாவது இருக்கும்.

"குழிக்குள்ள மட்டும் ஏன் இல்ல?" என்றேன்.

"தோண்டினவன் எடுத்துட்டுப் போயிருப்பான்."

"மண்ணையே திரும்பப் போடத் தெரியாத சோம்பேறி, துரு ஆணியப் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டுப் போவானா?"

பெர்னிஸ் வாயைத் திறந்தாள், மூடினாள். அது அடிக்கடி நடப்பதில்லை.

பதினேழு குழிகளையும் பார்த்தோம். பதினேழும் கழுவி வைத்த பாத்திரம்போல் சுத்தம். ஒரு குழியின் ஓரத்தில், கோணல் வெட்டுக்கு நடுவே, பழைய வெட்டு ஒன்று தெரிந்தது. வேர்கள் கத்தி வைத்து அறுத்தாற்போல் நேராக நின்றன.

"இங்க ரெண்டு பேரு தோண்டியிருக்காங்க தாயே. ஒருத்தன் முன்னாடியே வந்து ஒழுங்கா அறுத்து, குப்பையெல்லாம் எடுத்து, மூடிட்டுப் போயிருக்கான். அப்புறம் இன்னொருத்தன் வந்து அதே எடத்தக் கிண்டியிருக்கான்."

"பதினேழு எடத்துலயுமா?"

"பதினேழுலயும்."

"காலியான எடத்த எதுக்குத் திரும்பக் கிண்டணும்?"

"காலியா இருந்திருக்காது. முதல் ஆளு எதையோ உள்ள வெச்சுட்டுப் போயிருக்கான்."

அவள் கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டாள். "திருட்டுச் சாமானா?"

எனக்கும் அதுதான் தோன்றியது. மனிதர்களைப் பற்றி எனக்கு முதலில் தோன்றுவது எப்போதும் அதுதான்.

*

மண்ணிலிருந்து எடுத்ததை இந்தப் பக்கத்தில் விற்க ஒரே இடம்தான். மிட்சல் தெருவில் மிசஸ் ஆர்ண்ட் வைத்திருக்கும் காசுக்கடை. கண்ணாடிப் பெட்டி முழுக்கப் பழைய நாணயம். அவள் எண்பதைத் தொட்டவள், சுருட்டு பிடிப்பாள்.

"ஹம்மர் பூங்கா சரக்கு ஏதாவது வந்துச்சா?" என்றேன்.

"வாங்க ஸ்டாச். உள்ள வந்ததும் வணக்கம் சொல்ற பழக்கம் உங்க வீட்ல கெடையாதோ?"

"அவரு வீட்ல இருக்கறதே அவரு ஒருத்தர்தான்," என்றாள் பெர்னிஸ். "யாருக்குச் சொல்லிப் பழகுவாரு?"

மிசஸ் ஆர்ண்ட் சிரித்துக்கொண்டே அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்தாள். பித்தளை டோக்கன்கள். அந்தக் காலத்துச் சாராயக்கடைகள் தங்கள் பெயரை அடித்துக் கொடுத்தவை. ஒன்றை நீட்டினால் ஒரு கோப்பை பீர் கிடைக்கும். மொத்தம் இருபத்திரண்டு இருந்தன.

"ஒரே ஆளு, ஒவ்வொரு புதன்கிழமையும் கொண்டுவர்றான். எல்லாம் ஹம்மர்ல கெடைச்சதுன்னு சொல்றான். நானும் சரிப்பான்னு வாங்கிக்கிட்டேன்."

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஆன்டிகோ ஊர்க் கடை. ஒகோன்டோ. கிவானி. ரைன்லாண்டர். அந்த ஊர் இங்கிருந்து நாலு மணி நேரம்.

"பெர்னிஸ், ஒரு குடிகாரன் பூங்காவுல டோக்கன் தொலைக்கறான்னு வெச்சுக்க. எந்தக் கடை டோக்கனத் தொலைப்பான்?"

"பக்கத்துத் தெருக் கடையோடத."

"பத்துக் குடிகாரன் தொலைச்சா?"

"பத்தும் அதே கடையோடதா இருக்கும்." அவள் தட்டைப் பார்த்தாள். கண் சுருங்கியது. "இதுல ரெண்டு ஒரே மாதிரி இல்லையே."

"இருபத்திரண்டும் இருபத்திரண்டு ஊரு. இது தொலைஞ்சது இல்ல. யாரோ ஆசையா ஊர் ஊராத் தேடிச் சேத்தது."

மிசஸ் ஆர்ண்ட் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். ரைன்லாண்டர் டோக்கனை விளக்கடியில் பிடித்தாள். விளிம்பில் சின்ன வெட்டு ஒன்று இருந்தது.

"அடப் பாவமே," என்றாள் மெதுவாக. "இத நான்தான் வித்தேன். பல வருஷம் ஆச்சு. வெர்னன் டெஷ்ஷுக்கு. அவரு சம்சாரத்தோட வந்து வாங்கிக்கிட்டுப் போனாரு."

டோக்கனைத் திரும்பத் தட்டில் வைத்தாள். வெர்னன் வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது. திருடன் சரக்கைப் பூங்காவில் புதைத்து வைத்து, வாரம் கொஞ்சமாக எடுத்து விற்கிறான். கிழவருக்குத் திருடனைத் தெரியும், பயந்துபோய் மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் கணக்கு அப்படி ஓடியது.

"ஆளு பேரு?" என்றேன்.

"கேக்கல. நாப்பத்தஞ்சு வயசிருக்கும். பேசவே மாட்டான். இந்தப் பையிலதான் கொண்டுவருவான்." ஒரு காகிதப் பையை நீட்டினாள்.

பையைக் கவிழ்த்துத் தட்டினேன். மேசையில் நாலைந்து கறுப்புச் சீரக விதைகளும் வெள்ளை மாவும் விழுந்தன.

பெர்னிஸ் ஒரு விதையை நாக்கில் வைத்தாள். "ரை மாவு ரொட்டி. இந்தப் பக்கத்துல சீரகம் தூவி ரை ரொட்டி போடறது பதிமூணாம் தெரு பேக்கரி ஒண்ணுதான். பன்னெண்டு வருஷம் அங்க தபால் போட்டிருக்கேன். அங்க வேல செய்யற ஒரு ஆளு மாடில தனியா இருக்கான். லாய்ட் பிஷ்கே. அவன் பேருக்கு வர்றது மின்சார பில்லும் விளம்பரமும் மட்டும்தான். கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒண்ணுகூட அந்தப் பெட்டில நான் போட்டதில்ல."

*

லாய்ட் கதவைத் திறந்தபோது புருவத்தில்கூட மாவு இருந்தது. அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மூலையில் மலிவான ஒரு மெட்டல் டிடெக்டர். இரண்டாவது நாற்காலி கிடையாது. பெர்னிஸ் கேட்காமலே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தம்பி, வெர்னன் வீட்டுப் பூட்ட எப்படி உடைச்ச?" என்றேன்.

"யாரு வெர்னன்?"

"நடிக்காத."

"பெரியவரே, சத்தியமா எனக்கு எந்த வெர்னனும் தெரியாது. அந்தக் காசெல்லாம் மண்ணுல கெடைச்சது. நானே தோண்டினது." முகம் சிவந்தது. கோபமில்லை. வெட்கம்போல் இருந்தது. "எனக்கு இதுல கைராசின்னு நெனச்சேன். மெஷின் வாங்கி ஆறு மாசம்தான் ஆகுது. போற எடமெல்லாம் கெடைச்சுது. எல்லாமே நாலு அங்குலத்துல. எல்லாமே பேரு மேல தெரியற மாதிரி."

"எல்லாமே நிமிர்ந்து கெடந்துச்சா?"

"ஒண்ணுகூடக் கவுந்து கெடக்கல."

பாக்கெட்டிலிருந்து தவறி விழுந்த காசு பாதிக்குப் பாதி கவிழ்ந்துதான் விழும். எல்லாம் நிமிர்ந்து கிடந்தால் அது விழவில்லை. ஒரு கை வைத்திருக்கிறது. திருடன் அவசரமாகப் புதைப்பான், பெயர் பார்த்து வைக்க மாட்டான். எடுக்கிறவன் கண்ணில் முதலில் பெயர் படட்டும் என்று நினைத்து வைத்த கை அது.

"குழிய ஏன் மூடல?" பெர்னிஸ் கேட்டாள்.

"மூடணுமா?" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே தெரியாது. குழியை மூடு என்பதை எந்தப் புத்தகத்திலும் எவனும் படித்ததில்லை. பூங்காவில் பக்கத்தில் நிற்கிற கிழவன் ஒருவன் திட்டித்தான் எல்லோரும் கற்றுக்கொள்கிறோம்.

"அங்க யாரும் உனக்குச் சொல்லலையா?"

"பச்சைத் தொப்பி போட்டு ஒரு பெரியவர் வருவாரு. தூரத்துலேந்தே கையாட்டுவாரு. 'ஏதாவது கெடைச்சுதா?'ன்னு கேப்பாரு. நான் இல்லன்னுட்டு நகந்துருவேன்."

"தெனமுமா?"

"பாக்கறப்பல்லாம். பையில நாலு டோக்கன் இருக்கும், இல்லன்னுதான் சொல்வேன். கம்ப்யூட்டர்ல மெஷின் வெச்சுத் தேடறவங்க பேசிக்குவாங்க, அதுல படிச்சேன். எவன்கிட்டயும் எடத்தச் சொல்லாத, சொன்னா புடுங்கிக்குவான்னு."

பெர்னிஸ் என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். என் திருட்டுக் கதை காலடியில் உடைந்து கிடந்தது.

முதலில் தோண்டிய கைக்கு ஒரு பழக்கம் இருந்தது. நல்ல பொருளை உள்ளே வைக்கும்போதுகூட, குழியில் துரு ஆணியை விட்டுவிட்டு வர அதனால் முடியவில்லை. நாற்பது வருடத்துப் பழக்கம். குப்பையை எடுத்துப் பையில் போட்டுவிட்டுத்தான் காசை வைத்திருக்கிறது. திருடன் அப்படிச் செய்யமாட்டான். அப்படிச் செய்கிற ஒருவரை எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது லாய்டிடம் சொன்னேன். "உன் குழியில ஒரு பொண்ணு கால ஒடிச்சுக்கிட்டா. அந்தப் பெரியவர்மேல பழி. நாளைக் காலைல பத்து மணி. பூங்கா அலுவலகம், மூணாவது மாடி."

அவன் கதவை மெதுவாகச் சாத்தினான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"வருவானா?" என்றாள் பெர்னிஸ் படியில்.

"வரமாட்டான்."

"ஏன் அப்படிச் சொல்ற?"

"நானா இருந்தா வரமாட்டேன்."

*

வெர்னன் வீட்டுச் சமையலறையில் பச்சை வெல்வெட் போட்ட மரத்தட்டுகள் அடுக்கியிருந்தன. தட்டில் வட்டக் குழிகள். ஒவ்வொன்றின் கீழும் பெண் கையெழுத்தில் ஊர்ப்பெயர். அறுபது குழிகளில் முக்கால்வாசி காலி.

"நீங்கதான் பொதைச்சீங்க," என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார். மறுக்கவில்லை.

"முன்னெல்லாம் சனிக்கிழமையானா எட்டுப் பத்துப் பேரு வருவாங்க. காரு டிக்கியத் தொறந்து வெச்சுக் காப்பி ஊத்துவாங்க. எடத்தச் சொல்ல மாட்டானுங்க, ஆனா எதிர்ல நின்னு பொய்யாவது சொல்வானுங்க. அப்புறம் மண்ணு வத்திப்போச்சு. பாதிப் பேரு செத்துட்டான், மீதிப் பேரு வெயில் தேடி ஃப்ளோரிடா போயிட்டான். ஒண்ணு ரெண்டு கெடைக்குதுன்னு தெரிஞ்சா யாராவது வருவாங்கன்னு நெனச்சேன்."

"அதுக்குச் சம்சாரம் எழுதி வெச்சத எடுத்துப் பொதைக்கறதா?" பெர்னிஸின் குரலில் கிண்டல் இல்லை.

"தட்டுல இருந்தா யாரு பாக்கறா? போன இலையுதிர் காலத்துலேந்து வெக்கறேன். ஒருத்தன் வந்தான்."

"இல்லன்னு சொன்னானே. அவன் எடுத்துட்டான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அவன் போனப்புறம் குழிய மூடறதே நான்தானே." தொப்பியைச் சரி செய்துகொண்டார். "என்னைக்காவது ஒரு நாள் காட்டுவான்னு பாத்தேன். நடுவுல எட்டு நாள் காய்ச்சல்ல படுத்துட்டேன். அந்த எட்டு நாள்ல பதினேழு. அந்தப் பொண்ணு கால் போனது என்னாலதான்."

"அவன் பேரு லாய்ட். நாளைக்குப் பேரச் சொல்லிடுங்க, உங்க பர்மிட் தப்பிச்சுது."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அவன்கிட்ட பர்மிட் இல்ல. பேரக் குடுத்தா அவன உள்ளயே விட மாட்டாங்க. அப்புறம் அங்க யாரு இருக்கா?"

"அப்ப நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா நான் இல்லன்னு சொல்வேன், ஸ்டாச். குழியெல்லாம் என்னுதுன்னு சொல்வேன்."

கோபம் வந்தது. ஆளைக் காப்பாற்றப் போகும்போது அவனே குறுக்கே படுத்துக்கொண்டால் என்ன செய்வது? "நீங்க இல்லாத பூங்காவுக்கு அவன் வந்தா உங்களுக்கு என்ன லாபம்?" என்று கத்தினேன்.

அவர் ஒரு காலித் தட்டை மூடி வைத்தார்.

*

மறுநாள் மூன்றாவது மாடியில் வெர்னன் கோட்டுப் போட்டு வந்திருந்தார். தொப்பி இல்லாமல் தலை சின்னதாகத் தெரிந்தது. பூங்கா அதிகாரி ஒரு முப்பது வயதுப் பெண். மடிக்கணினி, நல்ல மரியாதை. குழிகளின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"மிஸ்டர் டெஷ், இந்தப் பூங்காவுக்குப் பர்மிட் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. இது உங்க வேலையா?"

வெர்னன் எழுந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நானும் எழுந்தேன். பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. அவர் என்னைத் திட்டட்டும், பரவாயில்லை.

"ஆமாங்க, எல்லாத்துக்கும் நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

பின்னால் கதவு கிரீச்சிட்டது. ரொட்டி வாசனை முதலில் வந்தது. பிறகு லாய்ட், மாவுக் கறை படிந்த சட்டையோடு. இரவு முழுக்க வேலை செய்த கண்கள்.

"அந்தக் குழியெல்லாம் என்னுதுங்க," என்றான். குரல் பாதிதான் வெளியே வந்தது. மறுபடியும் சொன்னான். "பதினேழும் என்னுது. மூடணும்னு தெரியாது. பர்மிட் வாங்கணும்னும் தெரியாது. அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். அட்ரஸ் குடுங்க."

ஆளை எடைபோடுவதில் எனக்குத் தப்பு நடந்தது அது முதல் தடவை அல்ல. ஆனால் அப்படித் தப்பானதில் சந்தோஷப்பட்டது முதல் தடவை. அதை பெர்னிஸிடம் நான் சொல்லவில்லை.

அதிகாரி கொஞ்ச நேரம் தட்டச்சு செய்தாள். முடிவு சுருக்கமாக வந்தது. வெர்னன் மேல் தப்பில்லை, பர்மிட் தொடரும். லாய்ட் பிஷ்கே இரண்டு வருடத்துக்கு எந்தப் பூங்காவிலும் மெஷினோடு நுழையக் கூடாது.

"இல்லம்மா, அவனுக்கு எதுக்குத் தடை? காசப் பொதை..." வெர்னன் தொடங்கினார். பெர்னிஸ் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். பாவம், நன்றாகவே மிதித்தாள்.

வழக்கில் ஜெயித்தோம். வெர்னன் பர்மிட் காகிதத்தை மடித்து உள்பையில் வைத்தார். மரணச் சான்றிதழை வாங்கினவர்போல் இருந்தது முகம். பூங்கா அவருக்குக் கிடைத்துவிட்டது. முழுப் பூங்காவும், அவர் ஒருவருக்கே.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் காற்று இன்னும் அடங்கவில்லை. லாய்ட் தன் பழைய டிரக்குக்குப் பக்கத்தில் நின்றான். ஓடிப்போய்விடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. வெர்னன் பக்கம் வந்தான்.

"அதெல்லாம் வித்துட்டேன். உங்களுதுன்னு தெரியாது," என்றான்.

"விக்கத்தானே எடுத்த. பரவால்ல." வெர்னன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "சத்தம் நல்லா வந்துச்சா, நாலு அங்குலத்துல?"

"ஒகோன்டோ டோக்கனுக்குக் காது கிழிஞ்சுது."

"அது கனமான பித்தளை. அப்படித்தான் கத்தும்."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். லாய்ட் சுற்றும்முற்றும் பார்த்தான். என்னைப் பார்த்தான், பெர்னிஸைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் எனக்குக் கேட்டது.

"கடாஹி ஊருக்குப் பக்கத்துல எங்கம்மா விட்டுட்டுப் போன வீடு இருக்கு. பூட்டிக் கெடக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுல கட்டினது. பின்னாடி குதிரை லாயம் இருந்துச்சாம். பக்கத்துலயே ஒரு சாராயக்கடையும் இருந்துச்சாம். அந்த மண்ணுல இதுவரைக்கும் ஒரு மெஷின்கூடப் போனதில்ல." நிறுத்தினான். "நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கே தோண்டத் தெரியலன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

வெர்னன் மூக்கைத் துடைத்தார்.

"புல்லு இருக்கா, வெறும் மண்ணா?"

"புல்லு."

"அப்ப கத்தி வேணும். என் வீட்ல நிறுத்து. எடுத்துக்கிட்டுப் போவோம்."

டிரக் கதவு இருமுறை இழுத்த பிறகுதான் சாத்திக்கொண்டது. வெர்னன் எங்களுக்கு நன்றி சொல்லவில்லை, கையும் ஆட்டவில்லை. உள்ளே உட்கார்ந்ததும் தோண்டுகிற விதத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், கை மூன்று பக்கமும் அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. லாய்ட் ரோட்டைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்த்தபடியே வண்டியை எடுத்தான்.

டிரக் திருப்பத்தில் மறைகிறவரை நானும் பெர்னிஸும் நின்றோம். முப்பது வருடம் நானும் மெஷின் பிடித்திருக்கிறேன். எவனும் எனக்கு ஒரு இடம் சொன்னதில்லை. நானும் எவனுக்கும் சொன்னதில்லை.

"நம்மளக் கூப்பிடல பாத்தியா பெருசு," என்றாள் அவள்.

"கூப்பிட்டா போவியா? உன் முட்டிக்கு?"

"நான் போக மாட்டேன். நீ?"

"நானும் போக மாட்டேன்."

அவள் சாவியை எடுத்தாள். "ஆனா கூப்பிட்டிருக்கணும்ல."

"ஆமா," என்றேன். "கூப்பிட்டிருக்கணும்."